யாருடைய ஒரு மணி நேரம்?

இந்தியர் ஒருவர் தம்மைக் கவனித்துக்கொள்ள நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 708 நிமிடம். ஏறக்குறைய 12 மணி நேரம். ஒன்றிய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024ஆம் ஆண்டு முழுக்க வீடு வீடாகப் போய் எடுத்து, 2025 பிப்ரவரியில் வெளியிட்ட காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இப்படிச் சொல்கிறது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோருக்குமான சராசரி இது. ஆணுக்கு 710 நிமிடம், பெண்ணுக்கு 706. நான்கே நிமிட வித்தியாசம். ‘எனக்கென்று பத்து நிமிடம் கிடைப்பதில்லை’ என்று அலுத்துக்கொள்ளும் எவரும் இதைப் படித்தால் திகைத்துத்தான் போவார்.

விஷயம் வேறொன்றுமில்லை. தூங்குவது, சாப்பிடுவது, குளிப்பது, உடம்பு சரியில்லாமல் படுத்துக் கிடப்பது எல்லாம் கணக்கெடுப்பில் இந்தத் தலைப்பின் கீழ்தான் வரும். மனநலத்துக்காக உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள் என்று மருத்துவர்களும் வார இதழ்களும் அலுவலக மனிதவளத் துறையும் சொல்லும்போது மனத்தில் வைத்திருப்பது இதை அல்ல. ஒரு நடை, பிடித்த பாட்டு, பழைய சிநேகிதியோடு போனில் அரட்டை, மாடித் தோட்டம், அல்லது ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பது. ஆனாலும் கணக்கெடுப்பாளர்களின் வகைப்பாட்டை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். மனத்தைக் காப்பதில் எது அடிப்படை என்று பார்த்தால், தியானச் செயலியை விடத் தூக்கம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

கேள்விக்கு இரண்டு பாதி உண்டு. தனக்கென ஒதுக்கும் நேரம் மனநலத்துக்கு உண்மையிலேயே உதவுகிறதா என்பது முதல் பாதி. அந்த நேரம் எங்கிருந்து வருகிறது என்பது இரண்டாவது. முதலாவதற்கு ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டாவதை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. நாளுக்கு 24 மணி நேரம்தான், புதிதாக ஒரு மணியை யாரும் உற்பத்தி செய்துவிட முடியாது. ஒருவர் காலையில் நடக்கப் போகிறார் என்றால் அந்நேரம் அடுப்படியில் இன்னொருவர் நிற்கிறார். அல்லது முதலாளி ஒரு மணி நேரம் குறைவாக வேலை வாங்குகிறார். அல்லது நடப்பவரின் தூக்கத்தில் ஒரு மணி குறைகிறது. நேரம் ஒதுக்குவது என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் நேரத்தைக் கைமாற்றுவதுதான் என்பது என் எண்ணம். யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பார்க்காத அறிவுரை, ஏற்கெனவே வசதியுள்ளவருக்கு மட்டுமே பயன்படும்.

இந்த அறிவுரைக்குப் பின்னால் இருக்கும் சுய பராமரிப்பு என்ற பேச்சு முதலில் நோயாளிகளைப் பற்றியதாக இருந்தது. அமெரிக்க செவிலியரான டோரதியா ஓரெம் 1971இல் வெளியிட்ட நூலில் செவிலியர் பணிக்கே அதை அடிப்படைக் கோட்பாடாக வைத்தார். மனிதர் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. நோயாலோ முதுமையாலோ அவற்றைச் செய்ய இயலாமல் போகும்போது அந்தக் குறையை இட்டு நிரப்புவதே செவிலியரின் வேலை என்றார் அவர். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வரையறையும் இந்த வழியில் வந்ததுதான். தனிநபர் மட்டுமல்லாமல் குடும்பமும் சமூகமும் தங்கள் நலத்தைப் பேணுவது, நோயைத் தடுப்பது, நோயோடு வாழ்வது எல்லாம் அதில் அடங்கும். மருத்துவப் பணியாளரின் துணை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குடும்பம், சமூகம் என்ற இரண்டும் பின்னால் வந்த வணிகப் பிரசாரத்தில் காணாமல் போய்விட்டன.

இன்னொரு கிளை அரசியலிலிருந்து வந்தது. 1966இல் அமெரிக்காவின் ஓக்லாண்டில் கறுப்பினத்தவர் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் துப்பாக்கியும் கறுப்புத் தொப்பியுமாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அக்கட்சி 1969 ஜனவரியில் ஒரு தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு போடத் தொடங்கியது, பிறகு பல நகரங்களுக்கு அதைப் பரப்பியது. இலவச மருத்துவமனைகளும் நடத்தியது. அரசு கண்டுகொள்ளாத மக்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது, அதைக் கூட்டாகச் செய்தார்கள். கவிஞர் ஆட்ரி லார்ட் அந்தச் சூழலின் பிள்ளை. புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய நிலையில், 1988இல் வெளிவந்த தன் கட்டுரை நூலில், தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்வதைத் தன் போராட்டத்தின் பகுதியாகவே எழுதினார். அப்படி எழுதிய அவருடைய வாசகம் இன்று வாசனை மெழுகுவத்தி விளம்பரங்களில் கிடக்கிறது. உலகளாவிய நலவாழ்வுத் தொழிலின் மதிப்பு 2023இல் 6.3 லட்சம் கோடி டாலர் என்று அத்தொழில் சார்ந்த ஆய்வு அமைப்பே கணக்கிட்டிருக்கிறது. கூட்டாகச் செய்த வேலை தனியாளின் செலவாக மாறியது இப்படித்தான்.

சரி, பலன் உண்டா?

தூக்கத்தில் தொடங்குவோம். கவலையும் மனச்சோர்வும் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூக்கத்தைச் சீர்படுத்தினால் மனம் சீராகுமா என்பதுதான் ஆராய வேண்டியது. 2021இல் 65 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், ஆகும் என்றார்கள். தூக்கம் எந்த அளவு மேம்பட்டதோ அந்த அளவுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. உடற்பயிற்சியைப் பற்றி 2024இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பெரிய தொகுப்பு வந்தது. 218 சோதனைகள், 14,000க்கும் மேற்பட்டோர். நடை, மெல்லோட்டம், யோகா, எடை தூக்கும் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் கணிசமாகக் குறைத்ததாகத் தெரிந்தது. இந்தச் சோதனைகளில் பலவற்றின் தரம் குறைவு என்பதால் முடிவை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளும்படி ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். செய்தித்தாள்களுக்கு வந்து சேர்வதற்குள் அந்த எச்சரிக்கை உதிர்ந்துவிட்டது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கோவாவில் நடந்த ஆய்வு. அங்கே விக்ரம் படேல் உள்ளிட்டோர் 1996இல் தொடங்கிய சங்காத் என்ற அமைப்பு, மனநல மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேறு ஏதோ உடல் உபாதைக்காக வருபவர்களில் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களைக் கண்டறிந்து, இந்த ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை சந்தித்தார்கள். அவர்கள் கையாண்ட முறையின் தர்க்கம் எளியது. மனம் சோர்ந்தவர் வழக்கமாகச் செய்வதை ஒவ்வொன்றாக விடுகிறார். கோவிலுக்குப் போவதில்லை, அக்கம்பக்கத்தில் பேசுவதில்லை, தலை வாருவதில்லை. விட விட, மனத்துக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சின்னச் சின்ன நிறைவுகளும் நின்றுபோகின்றன. அதனால் சோர்வு மேலும் கூடுகிறது. மனசு சரியானால் செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. ஆகவே வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்: முதலில் செய்ய வேண்டியது, மனசு பின்னால் வரும். நோயாளியும் ஆலோசகரும் சேர்ந்து உட்கார்ந்து நாளைப் பிரித்துப் பார்த்து, எதை எப்போது செய்வது என்று குறித்துக்கொள்வார்கள்.

2017இல் லான்செட்டில் வெளியான அதன் முடிவின்படி, மூன்று மாதங்களுக்குப் பிறகு இந்த ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். சுமார் 500 பேர் பங்கேற்ற ஆய்வு இது. ‘உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள்’ என்ற அதே அறிவுரைதான் இங்கும் இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் வித்தியாசம் பெரிது. இங்கே நேரத்தை ஒதுக்கியது நோயாளி மட்டுமல்ல. இன்னொருவர் தம் நேரத்தைக் கொடுத்தார், என்ன தடை என்று கேட்டார், தேவைப்பட்டால் வீட்டாரையும் அழைத்துப் பேசினார், அடுத்த முறை வந்து ‘போன வாரம் பேசினோமே, முடிந்ததா?’ என்று விசாரித்தார். இந்தக் கடைசி விசாரிப்பு எந்தப் புத்தகத்திலிருந்தும் கிடைக்காது.

இதற்கு நேர்மாறான அனுபவத்தையும் பார்த்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃப்ளெமிங் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 233 நிறுவனங்களில் பணியாற்றும் 46,336 பிரிட்டிஷ் ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்தார். நிறுவனம் ஏற்பாடு செய்த மனஉறுதிப் பயிற்சி, தியான வகுப்பு, தூக்கச் செயலி ஆகியவற்றில் கலந்துகொண்டவர்களின் மனநலம் கலந்துகொள்ளாதவர்களின் மனநலத்தை விட மேம்பட்டதாக இல்லை. தன்னார்வத் தொண்டில் ஈடுபட வாய்ப்புக் கொடுத்தது மட்டும் ஓரளவு பலனளித்ததாகத் தெரிந்தது. பிரிட்டிஷ் பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய மனக்குவிப்புப் பயிற்சிச் சோதனையும் 2022இல் கைவிரித்தது.

காரணம் ஊகிக்க முடியாததல்ல. பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் விவரிக்கும்போது, அது நோயல்ல, பணியிட நெருக்கடி சரிவரக் கையாளப்படாததால் விளைவது என்கிறது. பழுது பணியிடத்தில் இருக்க, மருந்து ஊழியரின் கைப்பேசியில் ஏற்றப்படுகிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். இப்படி நீண்ட நேரம் உழைத்ததால் 2016இல் மட்டும் உலகெங்கும் சுமார் 7,45,000 பேர் இறந்தார்கள். திருப்பூரில் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் காலை எட்டரைக்குள் நுழைந்து இரவு எட்டரைக்கு வெளியே வருவது. வாரத்தில் ஆறு நாள் அப்படித் தைப்பவரிடம் நாட்குறிப்பு எழுதுங்கள், மூச்சைக் கவனியுங்கள் என்று சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

எவ்வளவு நேரம் இருந்தால் போதும்? அமெரிக்கக் காலப் பயன்பாட்டுத் தரவுகளைக் கொண்டு மரிஸ்ஸா ஷரீஃபும் சகாக்களும் 2021இல் ஒரு வளைகோடு வரைந்தார்கள். நாளுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் வரை ஓய்வு கூடக் கூட மனநிறைவும் கூடுகிறது. அதற்குப் பின் சமமாகிறது. ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் இறங்கத் தொடங்குகிறது, அந்த நேரம் பிறரோடு சேர்ந்தோ உருப்படியாக ஏதாவது செய்தோ கழிந்தால் ஒழிய. அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது என்றாலும், வளைகோட்டின் இரண்டு முனைகளும் நம் வீடுகளில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஓய்வுபெற்று, பேப்பரை மூன்றாவது முறை மடித்துவைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அப்பா ஒரு முனை. அவருக்கு மூன்றாவது காபி போட்டுக்கொண்டிருக்கும் அம்மா மறுமுனை.

அம்மாவின் முனையை மறுபடி அரசின் கணக்கில் பார்க்கலாம். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 2024இல் அதற்காக நாளுக்குச் செலவிட்டது 289 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். 2019இல் இவை 299, 97 என்று இருந்தன. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது மகிழ்ச்சி என்று பார்த்தால், ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு. 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் அதைச் செய்கிறார்கள், நாளுக்கு 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதம் பேர், 74 நிமிடம்.

ஓய்வு, பொழுதுபோக்கு என்ற தலைப்பிலோ இடைவெளி சிறியது: ஆண் 177 நிமிடம், பெண் 164. இந்த எண்ணை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. சீரியல் பார்த்துக்கொண்டே சின்ன வெங்காயம் உரிப்பதும், பையனின் வீட்டுப்பாடத்தை ஒரு கண்ணால் பார்த்தபடி பக்கத்து வீட்டம்மாவோடு பேசுவதும் ஓய்வாகவே பதிவாகிவிடலாம். குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருக்கும் காது ஓய்விலில்லை. ஆண்களின் ஓய்வு பெரும்பாலும் ஒரே துண்டாகக் கிடைக்கிறது, பெண்களுடையது சில்லறையாக. சில்லறையைச் சேர்த்தால் நோட்டாகும் என்பது பணத்துக்குப் பொருந்தலாம். ஏழு எட்டு நிமிடங்களாகச் சிதறிய நேரத்தைச் சேர்த்து எந்தப் பெண்ணும் ஒரு மதியத் தூக்கம் போட்டதில்லை.

மனநலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2021இல் தற்கொலை செய்துகொண்ட பெண்கள் 45,026 பேர். அவர்களில் 23,178 பேர் இல்லத்தரசிகள். ஒவ்வொரு சாவுக்கும் பின்னால் பல காரணங்கள் இருக்கும், வீட்டு வேலைச் சுமை மட்டுமே கொன்றது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்’ என்று சொல்லப்படுகிற கூட்டத்திலிருந்து இத்தனை பேர் என்பதை அப்படியே கடந்துபோகவும் முடியாது.

எல்லோரும் படுத்த பிறகு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, மறுநாளைக்குக் கொண்டைக்கடலை ஊறப்போட்டுவிட்டு, பதினொன்றரை மணிக்கு இருட்டில் கைப்பேசியைக் கையிலெடுக்கும் பெண்ணை எல்லோருக்கும் தெரியும். தூக்கத்தை இப்படித் தள்ளிப்போடும் பழக்கத்தை நெதர்லாந்தின் ஃப்ளோர் குரூஸும் சகாக்களும் 2014இல் ஆய்வு செய்து, சுயகட்டுப்பாட்டுக் குறைவோடு தொடர்புபடுத்தினார்கள். சில ஆண்டுகள் கழித்து, காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை வாரம் ஆறு நாள் உழைத்த சீன இளைஞர்கள் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள்: பழிவாங்கும் விழிப்பு. பகலைப் பறித்துக்கொண்டவர்களுக்கு எதிராக இரவைப் பிடித்து வைத்துக்கொள்வது. இரண்டாவது விளக்கத்தின் பக்கமே நான் சாய்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே வேறு உரிமையாளர் கிடையாது, அதனால்தான் அதை விட மனம் வருவதில்லை. கட்டுப்பாடில்லை என்று அவளைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. எனினும் அந்த நேரம் வந்தது தூக்கத்திலிருந்துதான். எந்தத் தூக்கம் மனச்சோர்வைக் குறைக்கும் என்று மேலே பார்த்தோமோ, அதே தூக்கம்.

நேரத்தை விலைக்கு வாங்கலாமே என்கிறது வேறொரு ஆய்வு. ஆஷ்லி வில்லன்ஸ் குழுவினர் அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் 6,000க்கும் மேற்பட்டோரிடம் விசாரித்து 2017இல் எழுதினார்கள்: பிடிக்காத வேலைகளைப் பிறருக்குக் காசு கொடுத்துச் செய்துகொள்பவர்களின் வாழ்க்கை மனநிறைவு அதிகம். நமக்கு இது புதிய கண்டுபிடிப்பல்ல. நடுத்தர வர்க்கத்துப் பெண் காலையில் யோகா வகுப்புக்குப் போக முடிகிறதென்றால், பாத்திரம் தேய்க்கவும் வீடு பெருக்கவும் ஒரு அக்கா வருகிறார். அந்த அக்கா நான்கு வீடு முடித்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் பிடித்துச் சமைக்க வேண்டும். அவருடைய ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும் என்பது நாம் கொடுக்கும் சம்பளத்தையும், மாதம் எத்தனை நாள் முகம் சுளிக்காமல் லீவு கொடுக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

இயந்திரங்கள் நேரம் மிச்சப்படுத்தவில்லையா? கோயம்புத்தூரின் சபாபதி 1955இல் உருவாக்கிய மின் கிரைண்டர், ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டிய தோள்களுக்குச் செய்த உபகாரத்தை எந்த மருத்துவமனையும் செய்திருக்காது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது கேலி பேசியவர்களில் ஆட்டுக்கல் முன் உட்கார்ந்தவர் யாராவது இருந்தார்களா தெரியாது. ஆனால் அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் காட்டிய ஒரு விசித்திரம் இங்கும் நடந்தது. கருவிகள் வந்தபோது வேலையின் பாரம் குறைந்தது, நேரம் அவ்வளவாகக் குறையவில்லை, ஏனென்றால் எதிர்பார்ப்பு உயர்ந்துவிட்டது. துவைக்கும் இயந்திரம் வந்தபின் துணி அடிக்கடி துவைக்கப்பட்டது. நம் கிராமங்களில் பல வீடுகளில் தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் அவித்த இட்லி, கிரைண்டர் வந்தபின் தினசரி டிபனாயிற்று. மிச்சமான நேரம் அம்மாவின் கையில் தங்காமல் தட்டில் போய் விழுந்தது.

மரபில் இதற்கு வழி இருந்ததே என்பார்கள். இருந்தது. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆண்களுக்குப் புதன், சனி என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்க நாள் குறித்து வைத்திருந்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது எண்ணெயை விட, அந்தக் குறித்துவைத்த தன்மைதான். யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, குற்ற உணர்ச்சிக்கும் இடமில்லை. வெள்ளிக்கிழமை என்றால் தலைக்கு ஊற்றிக்கொள்ளத்தான் வேண்டும், அன்று வேலை கொஞ்சம் தாமதமாகலாம் என்று வீடே ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் சனிக்கிழமை ஆண்களுக்கு வெந்நீர் போட்டது யார், சீயக்காய் அரைத்தது யார், குளித்துவிட்டு வருபவருக்கு மிளகு ரசம் வைத்தது யார் என்பதையும் சேர்த்துத்தான் நினைவுகூர வேண்டும். மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கியிருந்ததுதான் தங்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு என்று சொல்லும் பாட்டிமார் உண்டு. தீட்டு என்று பெயர் வைத்தால்தான் ஒரு பெண்ணை உட்காரவிடுவார்கள் என்றால், அந்த ஓய்வுக்காக ஏங்க நான் தயாராக இல்லை.

மாறாக, மனநலம் என்ற பேச்சே எடுக்காமல் நேரத்தைக் கைமாற்றிய சில காரியங்கள் அண்மையில் நடந்திருக்கின்றன. தமிழகத்தின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 31,000 அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஊட்டச்சத்து, வருகைப் பதிவு என்றே இதை எல்லோரும் அளக்கிறார்கள். ஏழு மணிக்குள் கட்டட வேலைக்கோ பூ மார்க்கெட்டுக்கோ கிளம்ப வேண்டிய தாயின் விடியற்காலையில் அது என்ன செய்தது என்று அளந்தால், அது ஒரு மனநலத் திட்டமாகவும் தெரியும். ஓக்லாண்ட் தேவாலயத்தில் தட்டு கழுவியவர்களுக்கு இது புரிந்திருக்கும். இங்கும் நேரம் கைமாறத்தான் செய்கிறது: பல பள்ளிகளில் விடியலில் வந்து உப்புமாவும் கிச்சடியும் சமைப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள். ஆனால் இந்தமுறை அதற்குக் கூலி உண்டு. அந்தக் கூலி போதுமா என்பது தொடர்ந்து கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இன்னொன்று நாற்காலி. துணிக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை செய்யும் பெண்களும் ஆண்களும் உட்காருவதற்கு 2021இல் சட்டம் வந்தது. கேரளம் 2018இல் செய்ததைப் பின்பற்றி, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்றார்கள். சென்னை ரங்கநாதன் தெருவின் விற்பனையாளர்களைப் பற்றி 2010இல் ‘அங்காடித் தெரு’ படம் வந்தபோது கண்கலங்கிய ஊர், அவர்களை உட்காரவைக்க மேலும் பதினோரு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. எதிர்த்திசையிலும் முயற்சி நடந்தது. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைநாளுக்கு இடம் கொடுக்கும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21இல் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்க்கவே சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறாண்டு.

அரசு மாறட்டும், முதலாளி மாறட்டும் என்று காத்திருக்க முடியாதவர்கள் வீட்டுக்குள் என்ன செய்வது? ஆய்வுகளிலிருந்து எடுத்துச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் உறுதியானது. ‘நேரம் கிடைக்கும்போது’ என்று வைத்த எதுவும் நடப்பதில்லை. இன்ன நேரம், இன்ன இடம், இன்ன வேலை முடிந்த கையோடு என்று கட்டிவைத்தது நடக்கிறது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கால்விட்சர் 1990களிலிருந்து இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார். ஒரு பழக்கம் தானாக ஓடத் தொடங்கச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று லண்டனில் நடந்த ஆய்வொன்று சொன்னது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறுபட்டது. ஆகவே மூன்று வாரத்தில் வாழ்க்கை மாறும் என்று விற்பவரிடம் எதுவும் வாங்க வேண்டாம். இடையில் ஒருநாள் விட்டுப்போனாலும் பெரிய நட்டமில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு.

இதைவிட முக்கியமானது வீட்டில் வாய்விட்டுச் சொல்வது. மாலை ஆறிலிருந்து ஆறரை வரை அம்மா மொட்டை மாடியில் இருப்பாள், அந்நேரம் பிள்ளைகளுக்கு அப்பாதான் என்று ஒரு ஏற்பாடு பேசி முடிவாக வேண்டும். ‘ஏங்க, கொஞ்சம் பார்த்துக்கறீங்களா’ என்று தினமும் புதிதாகக் கேட்டால், கேட்பதே ஒரு வேலையாகிவிடும். ஏற்பாடு என்றால் ஆறு மணிக்கு அப்பாவுக்கே தெரியும். உப்பு எங்கே, பென்சில் எங்கே என்று மாடிக்குப் போன் வராமலிருப்பதும் அதில் சேர்த்தி. மாமியார் முணுமுணுக்கலாம். முணுமுணுக்கும் மாமியாருக்கும் அப்படி ஒரு அரை மணி நேரம் அந்த வயதில் கிடைத்திருக்காது என்பதை நினைத்துப் பார்த்தால், சில வீடுகளில் அவரே மாடிக்குத் துணைக்கு வந்துவிடுகிறார்.

இத்தனையும் நோய் வராமல் தாங்கிப் பிடிக்கவும், வந்ததிலிருந்து மீளும்போது கைகொடுக்கவும் உதவும். சிகிச்சைக்கு மாற்றாகாது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் வரை. தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், சாகலாம் என்ற நினைப்பு வந்துபோகிறது என்றால் அங்கே நடையும் பாட்டும் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இலங்கையில் அரசின் மனநல உதவி எண் 1926.

கடைசியாக, இந்தப் பேச்சில் எப்போதும் விடுபட்டுப்போகும் ஒரு கூட்டம்: மனநோயாளியையோ மறதி நோய் வந்த பெற்றோரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள். ‘முதலில் உங்கள் உடம்பைப் பாருங்கள், அப்போதுதான் அவரைப் பார்க்க முடியும்’ என்று வருகிறவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொல்லிவிட்டுப் போகாமல், ‘நான் இங்கே இருக்கிறேன், நீ போய் வா’ என்று உட்காருபவர் அரிது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் போன்ற அமைப்புகள், மனச்சிதைவு உள்ளவர்களுக்குப் பகல்நேர மையம் நடத்தியும் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்தும் இந்த இடைவெளியை நிரப்பப் பார்க்கின்றன. பெரிய நகரங்களைத் தாண்டினால் இவை மிகக் குறைவு. அங்கன்வாடி ஊருக்கு ஊர் இருப்பதுபோல முதியோர் பகல் மையம் ஊருக்கு ஊர் இல்லை. காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை அப்பாவை அங்கே விட்டுவிட்டு வர முடிந்தால், அந்த ஆறு மணி நேரத்தில் மகள் மருத்துவரைப் பார்க்கலாம், வேலைக்குப் போகலாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். எது வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், யாரும் பட்டியல் கொடுக்கத் தேவையில்லை.